ஃபைட்டரோடு எதை விடலாம்? கடலூர், புதுச்சேரி தண்ணீருக்கு

மே 11 · மஞ்சக்குப்பம்

2 அடி தொட்டி. ஆண் ஃபைட்டர் (பெட்டா, சண்டை மீன்) ஒண்ணு, வால் அரைநிலா மாதிரி விரியுற ஹாஃப்மூன் வகை. தனியா சுத்திக்கிட்டு இருக்கு, பாக்கவே பாவமா இருக்கு. கடையில "கப்பி பத்து, நியான் டெட்ரா பத்து, ஒரு டேங்க் கிளீனர் போடுங்க, ஒண்ணும் ஆகாது"ங்கிறாங்க. போர்வெல் தண்ணிதான். போடலாமா?

மே 11 · முத்தியால்பேட்டை

மூணும் வேண்டாம்.

கப்பி ஆணுக்கு விரிந்த வால், மின்னும் நிறம். ஃபைட்டர் கண்ணுக்கு அது எதிரியின் வால். துரத்திக் கடிக்கும். இல்லையென்றால் கதை தலைகீழாகி, பத்துக் கப்பியும் சேர்ந்து ஹாஃப்மூன் வாலைக் கொத்தும். நியான் டெட்ரா 20 முதல் 26 டிகிரியில் சுகப்படுகிற மீன். கடலூர் மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் 31, 32 தொடும். டேங்க் கிளீனர் என்று விற்பது சக்கர் மீன். வாங்கும்போது 2 அங்குலம், வளர்ந்தால் ஒரு அடிக்கு மேல். உங்கள் தொட்டியின் அகலமே ஒரு அடி. அது திரும்ப ரிவர்ஸ் கியர் போடணும்.

அப்புறம் அந்தப் "பாவம்". ஃபைட்டருக்குத் தனிமை ஒரு குறையே இல்லை. தாய்லாந்துப் பக்கம் வயல், ஓடை, தேங்கின தண்ணீர் என்று ஆழம் குறைந்த இடங்களில் ஒவ்வொரு ஆணும் தனக்கென ஒரு துண்டு இடம் பிடித்து வாழ்கிற மீன் அது. கூட்டம் சேரும் சாதி இல்லை. துணை நமக்குத்தான் தேவைப்படுகிறது. அது தப்பு என்று சொல்லவில்லை. யாருக்காகச் செய்கிறோம் என்று தெரிந்து செய்தால் போதும்.

சேர்க்கலாம் என்றால் என் தேர்வு: மேலே ஃபைட்டர் ஒன்று, நடுவில் எம்பர் டெட்ரா 8, அடியில் கோரிடோரஸ் (சுருக்கமாகக் கோரி) 6, கண்ணாடியில் நெரைட் நத்தை 2.

மே 11 · முத்தியால்பேட்டை

மேலே எழுதியதை இப்பவே பாதி திரும்பப் பெறுகிறேன். 2 அடிக்கு 1 அடிக்கு 1 அடி என்றால் கணக்குப்படி 56 லிட்டர். ஆனால் அடியில் ஒன்றரை அங்குல மணல், மேலே ஃபைட்டர் மூச்சு விட 2 அங்குலக் காலி இடம். மிச்சம் எட்டரை அங்குல உயரத் தண்ணீர், அதாவது 40 லிட்டர். கல், செடி, ஃபில்டர் வைத்தால் இன்னும் குறையும். 40 லிட்டரில் டெட்ராவும் கோரியும் இரண்டுமே நெருக்கடி. நடுமட்டம் அல்லது அடிமட்டம், ஏதாவது ஒன்றை மட்டும் எடுங்க.

தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கிற உப்புகளின் மொத்த அளவு) எவ்வளவு? அது தெரியாமல் மீன் பெயர் சொன்னதே என் அவசரம்.

மே 12 · மஞ்சக்குப்பம்

1200 காட்டுது. மீட்டர் பக்கத்து வீட்ல வாங்கினது.

மே 12 · முத்தியால்பேட்டை

நம் கடலோரத்தில் புதுசில்லை. ஆனால் டிடிஎஸ் மீட்டர் மொத்தக் கரைசலைத்தான் சொல்லும். அதில் சுண்ணாம்பு எவ்வளவு, கடல் உப்பு எவ்வளவு என்று பிரிக்காது. 1200-இல் பெரும்பகுதி கால்சியம், மக்னீசியம் என்றால் அது வெறும் கடினத் தண்ணீர், மெதுவாகப் பழக்கினால் பல மீன் தாங்கும். பெரும்பகுதி சோடியம் குளோரைடு என்றால் கோரிக்கும் டெட்ராவுக்கும் அது வேறு விவகாரம். ஜிஎச் (மொத்தக் கடினத்தன்மை), கேஎச் (அமிலத்தைத் தாங்குகிற கார்பனேட் அளவு) பார்க்கிற சொட்டுச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்குங்க. அதுவரை வீட்டுச் சோதனை: சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போய், பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விட்டால் சுண்ணாம்புப் பக்கம். நாக்கில் கரித்தால் உப்புப் பக்கம். இரண்டும் இருந்தால் இரண்டும்தான்.

கேன் தண்ணீர் கலக்கலாம். ஆர்ஓ கேன் 50 என்று வைத்துக்கொண்டால், 20 லிட்டர் கேனுக்கு ஐந்தரை லிட்டர் போர்வெல் தண்ணீர் சேர்த்தால் 300 பக்கம் வந்து நிற்கும். கேனின் எண்ணை நீங்களே அளந்து பாருங்க, கேனுக்குக் கேன் மாறும்.

"சுத்தமா இருக்கே" என்று கேன் தண்ணீரை மட்டும் ஊற்றுவது அடுத்த தப்பு. அதில் கேஎச் கிட்டத்தட்ட பூஜ்யம். மீன் கழிவால் அமிலம் சேரச் சேர அதைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இருக்காது, பிஎச் 6-க்குக் கீழே சரியலாம். ஃபில்டர் பாக்டீரியா வேலையைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் இருக்கும், அதுதான் ஆளை ஏமாற்றும்.

மே 12 · லாஸ்பேட்டை

போர்வெல்ல பிஎச் 8 இருந்தா மட்டும் என்ன சார் கெட்டுப்போச்சு? என் ஃபைட்டர் அதுலதான் நீந்துது.

மே 14 · முத்தியால்பேட்டை

ஃபைட்டர் நீந்தும். இந்த இழையில் ஒரே ஒரு விஷயம் நினைவில் நிற்கணும் என்றால் இதுதான்: ஃபைட்டரைப் பார்த்துத் தொட்டியை எடை போடாதீங்க.

அதன் தலைக்குள் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருக்கு, லாபிரிந்த் என்பார்கள். மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி அதிலிருந்து நேராகப் பிராணவாயு எடுக்கும். தண்ணீரில் காற்று செத்தாலும் அது பிழைக்கும். டெட்ராவுக்கு அந்த வசதி இல்லை. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8.2 மில்லிகிராம் பிராணவாயு பிடிக்கும், 30 டிகிரியில் 7.5தான். சூடு கூடினால் மீனுக்குத் தேவையும் கூடும். ஆக மே மாத மதியம் இரண்டு மணிக்கு வரவு குறைந்து செலவு ஏறி நிற்கும்.

பிஎச் விஷயமும் அதே மாதிரிதான். மீன் கழிவிலிருந்து வருகிற அம்மோனியாவில் விஷமான பங்கு பிஎச்சும் சூடும் ஏற ஏற எகிறும். 30 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் 0.8 சதவீதம் விஷம். பிஎச் 8 என்றால் 7.5 சதவீதம், ஒன்பது மடங்கு. சோதனைக் குழாயில் இரண்டுக்கும் ஒரே பச்சை நிறம் தெரியும். போர்வெல் தண்ணீர்க்காரர்கள் தொட்டி பழகுவதற்கு (ஃபில்டரில் கழிவைத் தின்கிற பாக்டீரியா வளர்வதற்கு) முன் மீன் விட்டால் இங்கேதான் மாட்டுகிறார்கள். மீன் இல்லாமல், அம்மோனியா சொட்டு விட்டு, 4 முதல் 6 வாரம் பழக்கணும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் காட்டின பிறகுதான் முதல் மீன்.

மே 14 · முத்தியால்பேட்டை

வெயிலுக்கு: மூடியைக் கழற்றி வலை போட்டு, மேசை ஃபேனைத் தண்ணீர் மட்டத்தில் சாய்வாக வீச விடுங்க. 2, 3 டிகிரி இறங்கும். தண்ணீர் சீக்கிரம் வற்றும். வற்றினதுக்கு ஈடாக ஆர்ஓ தண்ணீர் ஊற்றணும், போர்வெல் ஊற்றினால் ஆவியானது போக உப்பு சேர்ந்துகொண்டே போகும். ஐஸ்கட்டி பாக்கெட் மிதக்க விடுவது வேண்டாம், ஒரு மணி நேரத்தில் இறங்கி மறு மணி நேரத்தில் ஏறும்.

மே 15 · பாகூர்

கடையில குஹ்லி லோச்னு ஒரு மீன் பாத்தேன். பாம்புக்குட்டி மாதிரி. அது ஃபைட்டரோட ஒத்துப்போகுமா?

மே 15 · முத்தியால்பேட்டை

நம் ஊர்ச் சூட்டுக்கு அடிமட்டத்தில் என் முதல் ஓட்டு இப்போது குஹ்லிக்குத்தான். 30 டிகிரி வரை தாங்கும். இரவில் நடமாடும், ஃபைட்டர் பகலில். இருவரும் சந்திப்பதே குறைவு. ஆனால் சில நிபந்தனை.

குறைந்தது 6. ஒன்றிரண்டு வாங்கினால் மணலுக்குள் போனது போனதுதான், வாரக்கணக்கில் முகம் காட்டாது. மணல் நைசாக இருக்கணும், கூர்க்கல் அதன் வயிற்றையும் மீசையையும் கிழிக்கும். ஃபில்டர் உறிஞ்சு குழாயின் வாயில் பஞ்சு கட்டுங்க. குழாய்க்குள் ஏறிப் போய் ஃபில்டர் பெட்டிக்குள் குடியிருக்கும். மூடியில் ஒயர் போகிற இடைவெளியைக்கூட அடைங்க. கழுவுற மீனில் நழுவுற மீன் என்பது இதற்கே எழுதினது போல.

கோரி வேண்டுமென்றால் ஸ்டெர்பை. 28 வரை சுகமாக இருக்கும். கடையில் மலிவாகக் கிடைக்கிற பெப்பர் கோரி குளிர்ந்த தண்ணீர் மீன், நமக்கு ஆகாது. ஸ்டெர்பை இரண்டரை அங்குலம் வளரும், ஆறு வேண்டும் என்றால் தொட்டி 3 அடி.

மே 15 · பாகூர்

மணலுக்குக் காசு எதுக்கு, பீச்ல அள்ளிக்கலாமே?

மே 15 · முத்தியால்பேட்டை

கூடாது. சிப்பித் தூள் கலந்த மணல், ஏற்கெனவே கடினமான தண்ணீரை இன்னும் கடினமாக்கும். ஆற்று மணலானாலும் சலித்து, கழுவி, ஒரு கைப்பிடியில் எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் விட்டுப் பாருங்க. நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கு.

மே 19 · முத்தியால்பேட்டை

மஞ்சக்குப்பத்துக்காரர் தனிச்செய்தியில் விடுகிற முறை கேட்டார். பொதுவிலேயே எழுதுகிறேன்.

துணை மீன்கள் முதலில், ஃபைட்டர் கடைசியில். உங்கள் ஃபைட்டர் ஏற்கெனவே உள்ளே இருப்பதால் அதைத் தனிப் பெட்டிக்கு எடுத்து, கல், செடியெல்லாம் இடம் மாற்றி வைத்து, துணை மீன்களை விட்டு ஒரு வாரம் கழித்துத் திரும்ப விடணும். "இது என் இடம்" என்கிற வரைபடம் அதற்குக் குழம்பிப் போயிருக்கணும்.

புது மீன் எதுவானாலும் 3 முதல் 4 வாரம் தனித் தொட்டி. சென்னை கொளத்தூர் மீன் சந்தையிலிருந்து பையில் வந்த மீன் அன்றைக்கு நன்றாகத்தான் தெரியும். வெள்ளைப் புள்ளி நோய் அதற்கப்புறம்தான் வரும்.

ஃபைட்டரைத் திரும்ப விடுகிற நாள், ஓட்டை போட்ட தெளிவான பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துத் தொட்டிக்குள் ஒரு நாள் தொங்க விடுங்க. செவுளை விரித்து மிரட்டும், விடுங்க மிரட்டட்டும். மறுநாள் தீனி கொடுத்து, லைட்டை அணைத்துத் திறங்க.

பிறகு பார்க்க வேண்டியது. ஓரிரு நிமிடம் செவுள் விரித்துவிட்டுத் தன் வேலைக்குப் போனால் சரி. ஒரே மீனைப் பின்தொடர்ந்து மூலையில் நிறுத்தினால், 24 மணி நேரம் கழித்தும் அது ஓயவில்லையென்றால், வெளியே எடுங்க. "பழகிடும்" என்று காத்திருந்து காலையில் பிணம் பொறுக்கினவர்கள்தான் அதிகம்.

அதனால் தனியாக ஒரு 10 லிட்டர் டப்பா, ஓடுகிற ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு, எப்போதும் தயாராக இருக்கணும். அது இல்லாதவர் துணை மீன் வாங்கவே கூடாது என்பது என் பிடிவாதம்.

மே 19 · லாஸ்பேட்டை

சார், வால் கிழிஞ்சா யார் கடிச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நாலு பேர் இருக்காங்க, நாலு பேரும் நல்லவங்க மாதிரி முழிக்கிறாங்க.

மே 20 · முத்தியால்பேட்டை

கிழிசலே சாட்சி சொல்லும். வால் ஓரத்தில் சின்னச் சின்ன நறுக்கு, பல இடங்களில், ஓரம் சுத்தம்: டெட்ரா கொத்தியது. அரைவட்டமாக ஒரே வாய் அளவுக்குத் துண்டு காணாமல் போயிருந்தால் அது ஃபைட்டர் தன் வாலையே திரும்பிக் கடித்தது. ஹாஃப்மூனில் இது சகஜம், கனமான வாலை இழுத்து நீந்த முடியாத எரிச்சல். ஃபில்டர் நீரோட்டம் பலமாக இருந்தால் இன்னும் கூடும். ஓரம் கறுத்தோ சிவந்தோ, நாளுக்கு நாள் உள்ளே ஏறினால் வால் அழுகல், தண்ணீர் சரியில்லை. நேர்க்கோடாகக் கிழிந்தால் பிளாஸ்டிக் செடியில் மாட்டியது. பழைய நைலான் துணியைச் செடிமேல் உரசிப் பாருங்க, துணி இழுபட்டால் வாலும் இழுபடும்.

புலி பார்ப், செர்பே டெட்ரா இரண்டும் வால் கொத்துவதையே தொழிலாக வைத்திருக்கிற மீன்கள். நிரபராதி என்று வாதாட வராதீங்க.

ஜூன் 2 · பாகூர்

கடைக்காரர் ஒவ்வொரு தண்ணி மாத்தும்போதும் கல்லுப்பு ஒரு பிடி போடச் சொல்றார்.

ஜூன் 2 · முத்தியால்பேட்டை

1200 டிடிஎஸ்ஸில் மேலும் உப்பா? குஹ்லியும் கோரியும் உப்புக்கு நோகும். உப்பு மருந்து, சாம்பார் இல்லை. தேவைப்பட்டால் நோயான மீனைத் தனி டப்பாவில் வைத்து, அளந்து, நாள் கணக்கு வைத்துப் போடணும். அதே போல வெள்ளைப் புள்ளி மருந்து குஹ்லி இருக்கிற தொட்டியில் பாதி அளவு. தாமிரம் கலந்த மருந்து என்றால் நத்தையும் இறாலும் போய்விடும், பாட்டிலைத் திருப்பிப் படிங்க.

ஜூன் 3 · பாகூர்

அப்ப வாதாங்கொட்டை மரத்து இலை? தெருவுல கொட்டிக் கிடக்கு.

ஜூன் 3 · முத்தியால்பேட்டை

அது நல்லது. தானே விழுந்து பழுப்பான இலை, பச்சை வேண்டாம். சாலையோர மரம் வேண்டாம், புகையும் தூசியும். பூச்சிமருந்து அடிக்காத மரமா பாருங்க. கழுவி, காய வைத்து, 40 லிட்டருக்கு ஒரு இலை, கரைந்து கந்தலானதும் எடுத்துவிட்டு மறு இலை. தண்ணீர் தேநீர் நிறமாகும். வெளிச்சம் மங்கி ஃபைட்டரின் மூர்க்கமும் கொஞ்சம் அடங்கும். ஆனால் பிஎச் இறங்கும் என்று நம்பாதீங்க. நம் போர்வெல்லின் கேஎச் முன்னால் ஒரு இலை என்ன செய்யும்.

ஜூன் 21 · மஞ்சக்குப்பம்

குஹ்லி 6 விட்டாச்சு. சண்டை இல்லை. ஆனா ஃபைட்டர் வயிறு பலூன் மாதிரி ஆயிடுச்சு, சாய்ஞ்சு நீந்துது. எதிர்பாக்கலை.

ஜூன் 21 · முத்தியால்பேட்டை

குஹ்லிக்குப் போடுகிற மூழ்கு தீனியை அது தின்கிறது. மேல்வாய் மீன்தான், ஆனால் தின்கிற விஷயத்தில் மட்டம் பார்க்காது. வில்லை அடியில் போய் உட்கார்ந்து ஊறி மெத்தென்று ஆகும்வரை சுற்றிச் சுற்றி வரும். பிறகு தலைகீழாக நின்று ஒரு கடி, துப்பி, மறுபடி ஒரு கடி. பத்து நிமிடத்தில் குஹ்லியின் இரவுச் சாப்பாடு காலி. இவர் வயிறு கண்ணளவு, போனது அதைப்போல நாலு மடங்கு.

இரண்டு நாள் பட்டினி. பிறகு மாலை லைட் இருக்கும்போதே ஃபைட்டருக்கு ஒரு மூலையில் 1 மி.மீ. உருண்டை 3 அல்லது 4. லைட் அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, எதிர் மூலையில், கவிழ்த்த மண்சட்டிக்கு அடியில் குஹ்லி தீனி. சட்டி வாயில் குஹ்லி நுழையணும், ஃபைட்டர் தலை நுழையக் கூடாது. காலையில் மிச்சம் இருந்தால் குழாயால் உறிஞ்சி எடுங்க.

ஜூலை 8 · லாஸ்பேட்டை

பெண் ஃபைட்டர் அஞ்சு சேத்து விடலாமாமே? சண்டை போடாதாமே?

ஜூலை 8 · முத்தியால்பேட்டை

போடும். மூன்று மாதம் அமைதியாக இருந்துவிட்டு ஒரே இரவில் போடும். வேண்டாம்.

ஜூலை 8 · பாகூர்

நம்மூர் வாய்க்கால்ல ஃபைட்டர் மாதிரியே ஒரு சின்ன மீன், வாலு கூர்மையா, பழுப்பா. அதை விட்டா உள்ளூர்க்காரன் துணைக்கு இருப்பான்ல?

ஜூலை 9 · முத்தியால்பேட்டை

நீங்கள் சொல்வது அநேகமாக சூடோஸ்ஃப்ரோமீனஸ் குபானஸ். ஃபைட்டரின் உறவுக்காரன், அதே லாபிரிந்த், அதே மாதிரி எச்சில் குமிழியில் கூடு. 1831-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே இதற்குப் பெயர் வைத்தபோது, மீன் கிடைத்த ஆற்றின் பெயரையே போட்டார்: அரியாங்குப்பம். பிரெஞ்சு எழுத்தில் அரியான்-கூபாங், அதிலிருந்து குபானஸ். உலகத்து மீன் வளர்ப்பாளர்கள் எல்லாம் நம் ஆற்றின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், நமக்குத்தான் அது வாய்க்கால் மீன்.

உறவுக்காரன் என்பதால்தான் ஆகாது. மேல்மட்டம், கூடு, மிரட்டல் எல்லாவற்றுக்கும் இருவரும் ஒரே இடத்துக்குப் போட்டி. கௌராமிகளுக்கும் இதே பதில். அவனுக்குத் தனித் தொட்டி வைத்தால் ஃபைட்டரைவிட அழகாக இருப்பான், நம் தண்ணீரே அவன் தண்ணீர்.

பனையேறிக் கெண்டையைக் கேட்டுவிடாதீங்க. ஃபைட்டர் அதற்குச் சிற்றுண்டி.

அக்டோபர் 27 · முத்தியால்பேட்டை

மழை வந்துவிட்டது, மின்வெட்டும் வரும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய பிறகு பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலை யாரும் மறந்திருக்க மாட்டீங்க.

மின்சாரம் போனால் முதலில் சாகிறவர்கள் துணை மீன்கள், ஃபைட்டர் கடைசிவரை நிற்பார். யுஎஸ்பி ஏர் பம்ப் ஒரு வாட் எடுக்கும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் நிறைந்திருந்தால் ஒரு நாள் ஓடும். இன்வர்ட்டர் இருந்தால் ஏர் பம்பை மட்டும் மாட்டுங்க, லைட் வேண்டாம். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்க, இல்லாவிட்டால் தண்ணீர் பின்வாங்காமல் தடுக்கிற வால்வு போடுங்க. இல்லையென்றால் காற்று நின்றதும் தண்ணீர் குழாய் வழியே திரும்பி வந்து தரையில் நிற்கும். தீனி நிறுத்துங்க, மூன்று நாள் பட்டினியில் நன்றாக இருக்கிற வளர்ந்த மீன் சாகாது.

ஸ்பாஞ்ச் ஃபில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால், திரும்ப ஓட்டுவதற்கு முன் தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து அதில் பிழிந்து அலசுங்க. தொங்கு ஃபில்டரானால் உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓட்டுங்க. அந்தக் கெட்ட தண்ணீர் தொட்டிக்குள் இறங்கினால்தான் "கரண்ட் வந்தப்புறம் செத்துச்சு" என்று ஆகிறது.

நவம்பர் 2 · லாஸ்பேட்டை

ஹீட்டர் வேணுமா சார்?

நவம்பர் 2 · முத்தியால்பேட்டை

மழை நாள் விடியற்காலையில் தண்ணீர் 24-க்குக் கீழே போனால் மட்டும், 40 லிட்டருக்கு 50 வாட் போதும், 26-இல் வையுங்க. ஃபைட்டர் மேல்காற்றைக் குடிக்கிற மீன், மே மாதம் கழற்றின மூடியை இப்போது திரும்பப் போடுங்க. வாடைக்காற்று நேராகப் படக்கூடாது.

நவம்பர் 3 · மஞ்சக்குப்பம்

மூடி போட்டாச்சு. குஹ்லி எண்ணிப் பாத்தேன், அஞ்சுதான் இருக்கு.

நவம்பர் 3 · முத்தியால்பேட்டை

ஃபில்டரைத் திறந்து பாருங்க.

நவம்பர் 3 · மஞ்சக்குப்பம்

இருக்கு சார். பஞ்சு கட்டின கயிறு அவிழ்ந்திருக்கு.